‘ஊத்தாதே’வின் வால் அறுந்தால்: நடுக்கடல் முதலுதவியை நால்வர் சேர்ந்து ஆராய்வது எப்படி

கேள்வி சுருக்கமாக: ராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நால்வர் சேர்ந்திருக்கிறோம். ஒருவர் தகவல்தொடர்புப் பொறியியல், ஒருவர் மொழியியல், ஒருவர் தமிழ் இலக்கியம், ஒருவர் சமூக மருத்துவம். கடலில் திருக்கை குத்தியவருக்கும் சொறி (ஜெல்லிமீன்) பட்டவருக்கும் கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் முதலுதவி சொல்வதைக் கூட்டாக ஆராய விரும்புகிறோம். ஒரு செயலி செய்வதில் தொடங்கலாமா? நெய்தல் பாடல்களை எங்கே சேர்ப்பது? எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும்?

செயலியை ஒதுக்கி வையுங்கள். ஒரே ஒரு வாக்கியத்தை மேசையில் போட்டு நால்வரும் சுற்றி உட்காருங்கள்: “சொறி பட்ட எடத்துல நல்லதண்ணி ஊத்தாதே.”

மருத்துவ அளவில் இதில் பிழை இல்லை. சொறியின் இழை தோலில் ஒட்டியிருக்கும்போது அதில் இன்னும் வெடிக்காத கொட்டும் செல்கள் ஏராளம் இருக்கும். உப்பில்லாத நீர் பட்டால் அவையும் வெடித்து நஞ்சை இறக்கிவிடும். அதனால் கடல்நீரால்தான் கழுவ வேண்டும், தேய்க்கவும் கூடாது. ஆனால் இந்த வாக்கியம் போவது வயர்லெஸ்ஸில். பேசுகிறவர் கடைசி அசையை முடிக்கும் முன்பே பட்டனை விட்டுவிடுவது அன்றாடம் நடப்பது. அப்போது படகில் விழுவது “நல்லதண்ணி ஊத்தா…”. என்ஜின் இரைச்சலில் அதை “ஊத்து” என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. தமிழில் மறுப்பு வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. வயர்லெஸ் கடித்துத் தின்பதும் வாலைத்தான். சொன்னதற்கு நேர் எதிரானது நடந்துவிடும்.

வாக்கியத்தின் தலைக்கும் இதே கதிதான். பட்டனை அமுக்கியவுடன் பேசினால், எதிர்முனைக் கருவி இரைச்சலடைப்பை (பேச்சு வராதபோது ஒலியை மூடிவைக்கும் சுற்று) திறப்பதற்குள் முதல் அசை போய்விடும். “சுடுதண்ணியில வை” என்று தொடங்கினால் “…தண்ணியில வை” என்று சேரும். திருக்கை முள்ளுக்கு இது மோசமான தவறு. ஆகவே சோதிக்கத் தகுந்த கேள்வி ஒன்று கையில் வந்துவிட்டது: ஒரே மருத்துவச் செய்தியை இரண்டு விதமாகச் சொன்னால், கெட்ட சமிக்ஞையில் எது சரியான செயலாக மாறுகிறது? ஒன்று வழக்கமான நடை. இன்னொன்று, முதலில் படகின் பெயர் (போனாலும் நட்டமில்லாத சொல்), அடுத்து “கூடாது. நல்லதண்ணி கூடாது. உப்புத்தண்ணி ஊத்து” என்று மறுப்பை முன்னுக்குக் கொண்டுவந்து, தனிச் சொல்லாக்கி, இருமுறை சொல்லும் நடை. “சுடுதண்ணி” வேண்டாம், “வெந்நி” என்று சொல்லுங்கள். அடைமொழி உதிர்ந்தால் எதிர்ப்பொருள் தரும் சொற்கள் எவை என்று மொழியியல்காரர் முதல் நாளே பட்டியல் எடுக்கட்டும். நான்கு துறையும் உண்மையாகவே சந்திக்கும் இடம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது.

இனி அலைவரிசை. கடல்சார் வயர்லெஸ் 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இயங்குகிறது. ஆபத்துக்கும் அழைப்புக்குமான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். நிலையாகப் பொருத்திய கருவியில் உச்சத் திறன் 25 வாட், குறைந்த நிலையில் 1 வாட். ஆனால் தூரத்தை வாட்டை விட உயரமே தீர்மானிக்கிறது. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் எட்டும் தூரம் வரும். படகில் 4 மீட்டர், கரையில் 36 மீட்டர் கோபுரம் என்றால் 2-ம் 6-ம் சேர்ந்து 8. அதாவது 33 கிலோமீட்டர், சுமார் 18 கடல் மைல். படகுக்குப் படகு, இரண்டும் 4 மீட்டர் என்றால் 16.5 கிலோமீட்டர்தான். இடையில் ஒரு படகு நின்று கேட்டதைத் திரும்பச் சொல்வது இந்தக் கரையில் சகஜம். அப்படி மறுசொல் வழியாகப் போகும் செய்தி எவ்வளவு தேய்கிறது என்பதையும் தனி நிலையாகச் சோதியுங்கள்.

எல்லை நெருங்கும்போது குரல் மெல்ல மெல்ல மங்கும் என்று நினைத்து ஆய்வகத்தில் வெறும் இரைச்சலைக் கலந்து விடுவது பலரும் செய்யும் தவறு. இந்த வயர்லெஸ் குரலை அனுப்பும் முறையான அதிர்வெண் பண்பேற்றத்தில் (எஃப்.எம்.) ஒரு வாசல் உண்டு. குரலைச் சுமந்து வரும் ஊர்தியலை இரைச்சலை விடச் சுமார் 10 டெசிபல் மேலே இருக்கும்வரை குரல் தெளிவாக நிற்கும், அதற்குக் கீழே போனதும் படபடவென்று உடையும். அதோடு படகு அலையில் சாயும்போது ஆன்டெனாவும் சாயும். சில விநாடிக்கு ஒருமுறை சமிக்ஞை வாசலுக்குக் கீழே இறங்கி ஏறும். இரைச்சலில் மூழ்குவதைக் காட்டிலும் அசைகள் முழுசாகக் காணாமல் போவதே அதிகம். எனவே ஆய்வகத்தில் வயர்லெஸ்ஸைப் போலவே ஒலியைக் கெடுக்கும் உங்கள் செயற்கை அலைவரிசையில் மூன்று படி இருக்கட்டும்: 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிகட்டி, படகில் பதிந்த உண்மையான என்ஜின் இரைச்சல், 100 முதல் 300 மில்லிவிநாடி வரை நீளும் வெட்டுகள். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் விநாடிக்கு 12.5 முறை வெடிக்கும். அதன் மடங்குகள் குரலின் கீழ்ப்பகுதியை நிரப்பிவிடும். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு ‘படகு இரைச்சல்’ கோப்பு இதற்கு ஈடாகாது.

கருவி வேலை செய்யவில்லை என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் ஆன்டெனாக் கம்பியில்தான் இருக்கும். ஆர்.ஜி-58 வகை மெல்லிய கோஆக்சியல் கம்பி 150 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபல் தின்னும், அதாவது திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முனை இணைப்பில் உப்பு ஏறிப் பச்சை பூத்தால் இன்னும் மோசம். கள அளவீட்டுக்கு முன் நிலையலை விகிதத்தை (ஆன்டெனாவுக்குப் போகும் திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மொழியின் குறை என்று நீங்கள் எழுதப்போவது துருவின் குறையாக இருக்கும்.

ஒலியனுக்கு வருவோம். ‘ச’வை நாம் பேச்சில் உரசி ஒலிப்பதால் அதன் ஆற்றல் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடக்கிறது. வயர்லெஸ் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். ல, ள, ழ வேறுபாட்டைத் தாங்குவது பெரும்பாலும் மூன்றாம் ஒத்திசைவு (வாயின் வடிவத்தால் ஆற்றல் குவியும் அதிர்வெண்களில் மூன்றாவது). அது வடிகட்டிக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் மேல்விளிம்பை ஒட்டி. முதலில் அடிபடுவது அதுதான். வலி, வளி, வழி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ழகரம் ளகரமாகும் பேச்சில் பின்னிரண்டும் ஏற்கெனவே ஒன்று, வயர்லெஸ்ஸில் மூன்றும் ஒன்றாகிவிடும். குறில் நெடில், ஒற்றை இரட்டை மெய் (எடு, எட்டு) நீளத்தால் வேறுபடுவதால் இரைச்சலை ஓரளவு தாங்கும். வெட்டு விழுந்தால் அவையும் தாங்கா. சோதனைச் சொற்களை இந்த மூன்று கூட்டமாகப் பிரித்து வையுங்கள், முடிவு தானாகவே படம் வரையும்.

ஒரு எச்சரிக்கை. பாம்பனில் கடல் ஓசை 90.4 போன்ற சமுதாய வானொலியில் ஒலிபரப்பிப் பார்த்து “நன்றாகப் புரிகிறது” என்று முடிவுக்கு வராதீர்கள். எஃப்.எம். ஒலிபரப்பு 15,000 ஹெர்ட்ஸ் வரை குரலைக் கொண்டுபோகும். அங்கே ‘ச’ உயிரோடு இருக்கும். வயர்லெஸ்ஸில் தோற்கும் வாக்கியம் அங்கே ஜெயித்துவிடும். புதிய சொல்முறையைக் கரையில் பழக்கப்படுத்த அது நல்ல ஊடகம், சோதனைக்கூடமாக வேண்டாம்.

மருத்துவப் பகுதியில் செய்திகளை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், பதினாறு போதும். எந்தச் செய்தியில் எந்தச் சொல் உயிர்ச்சொல் என்று மருத்துவரே அடிக்கோடிட வேண்டும்.

திருக்கை முள்ளின் நஞ்சு வெப்பத்தில் சிதையும். சுமார் 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி இறங்கும். படகில் தெர்மாமீட்டர் இருக்காது. ஒரு சொம்பு கொதிநீருக்கு 28 பாகைக் கடல்நீர் மூன்றரைச் சொம்பு கலந்தால் கணக்குப்படி 44 பாகை வரும். ஆனாலும் அடிபடாத கையை விட்டுப் பார்த்த பிறகுதான் குத்துப்பட்ட காலை வைக்க வேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ பாய்ந்திருந்தால் பிடுங்கக் கூடாது. இங்கேயும் ஒரு “பிடுங்காதே” வருகிறது, கவனியுங்கள்.

பேத்தை மீன் நஞ்சு நேர் எதிர். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. உதடும் நாக்கும் மரத்துப்போவது முதல் அறிகுறி, பின்பு மூச்சுத் தசைகள் ஓயும். கடல்பாம்புக் கடியில் பெரும்பாலும் கடித்த இடத்தில் வலி கொஞ்சமாகத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, விறைப்பு, இமை தொங்கல், சிறுநீர் கருமை. வயர்லெஸ்ஸில் கேட்க வேண்டியது “வலிக்குதா?” அல்ல. “கண்ணு இமை தொங்குதா? மூத்திரம் கடுங்காப்பி நெறத்துல போகுதா?” என்பதுதான். நம் நாட்டில் கிடைக்கும் பலவகை நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது, கடல்பாம்புக்கு அல்ல. ஆகவே “பக்கத்து ஆஸ்பத்திரி” என்று சொல்லாமல், செயற்கைச் சுவாசக் கருவி உள்ள ஆஸ்பத்திரி எது என்று பெயர் சொல்லும் செய்தியாக எழுதுங்கள்.

நோய்ச்சொற்களின் இரட்டைப் பொருள் இன்னொரு பெரிய குழி. ‘சொறி’ என்றால் கடற்கரைக்காரருக்கு ஒரு உயிரினம், வெளியூர் மருத்துவருக்குத் தோல் அரிப்பு. ‘மயக்கம்’ தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். ‘இழுப்பு’ சிலருக்கு மூச்சிரைப்பு, சிலருக்கு வலிப்பு, “கை கால் இழுத்துக்கிருச்சு” என்றால் பக்கவாதம். ஒவ்வொரு சொல்லுக்கும் பிரித்தறியும் ஒரு கேள்வி வேண்டும். மயக்கத்துக்கு “கூப்பிட்டா பேசுறாரா?” என்பது போல, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வி.

இலக்கியத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. நெய்தல் பாடல்களை முதல் இயலில் பத்துப் பக்கம் அடுக்கி, பிறகு அவற்றை மறந்துவிடும் ஆய்வேடுகள் போதுமான அளவு இருக்கின்றன, இன்னொன்று வேண்டாம். ஆனால் “வளிமுதலா எண்ணிய மூன்று” என்று குறள் 941 சொல்லும் வளியை எடுங்கள். அந்தச் சொல் பேச்சிலிருந்து போய்விட்டது, கருத்து போகவில்லை. ‘வாயு’வாக இருக்கிறது. நெஞ்சு அடைக்கிற ஒருவர் “வாயு புடிச்சிருக்கு” என்று சொல்லிச் சோடா குடிப்பது மாரடைப்பில் நேரத்தை இழக்கும் வழிகளில் ஒன்று. வயர்லெஸ்ஸில் ‘வாயு’ என்று கேட்டால் மருத்துவர் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது இலக்கியமும் மருத்துவமும் சேர்ந்து எழுத வேண்டிய பக்கம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் தொகுதிகளில் (1924 முதல் 1936 வரை வந்தவை, 1939-இல் பின்னிணைப்பு) பழைய பொருளைப் பார்த்து, கரையில் இன்று வழங்கும் பொருளை எதிரே எழுதி வையுங்கள். இரண்டும் பொருந்தாத இடங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை.

இரண்டாவது, வலை இழுக்கும்போது பாடும் அம்பா. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் திருப்பிச் சொல்வது அதன் அமைப்பு. இரைச்சலில் செய்தி காக்கும் முறையும் அதுவே: சொன்னதை எதிர்முனை திருப்பிச் சொல்ல வேண்டும், தவறினால் திருத்த வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “புரிஞ்சுது” என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால் சிலர் சங்கடப்படுவார்கள், பரிட்சை வைப்பதாக நினைப்பார்கள். அம்பாவின் எடுப்பும் ஏற்பும் போல வாக்கியத்தை இரண்டாக முறித்துக் கொடுத்தால் அந்தச் சங்கடம் குறைகிறதா என்று பாருங்கள். இதை ஒரு ஊகமாக மட்டும் வையுங்கள், மரபு எல்லாம் முன்னமே அறிந்திருந்தது என்ற தொனி வந்துவிடக் கூடாது.

பதிவுக்கு வருகிறேன். குரல்களை விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், ஒற்றைத் தடம், வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 518 மெகாபைட் ஆகும். பகுப்பாய்வுக்கு 16,000 மாதிரி, 16 பிட்டாக இறக்கினால் மணிக்கு 115 மெகாபைட். செல்போனின் குரல் செயலியில் பதியாதீர்கள். அது தானாக இரைச்சலைக் குறைக்கும், ஒலியளவை ஏற்றி இறக்கும், கோப்பையும் சுருக்கும். பிறகு அளப்பதெல்லாம் போனின் மென்பொருளைத்தான். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். பாம்பன் காற்றுக்கு நுரை உறை பத்தாது, ரோம உறை வேண்டும். பேசுகிறவர்களில் தேவிபட்டினம், தொண்டி போன்ற வடகடல் ஊர்களும் ஏர்வாடி, கீழக்கரை போன்ற தென்கடல் ஊர்களும் இருக்கட்டும். கீழக்கரை, பெரியபட்டினம் முஸ்லிம்களின் பேச்சில் உடல்நலச் சொற்களே சில மாறும். பாசி எடுக்கும் பெண்களை விட்டுவிடாதீர்கள். சொறியும் முள்ளும் அவர்களுக்கும்தான்.

கேட்போரில் பலருக்குக் காது ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும். என்ஜின் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுவது வழக்கம். 500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸில் காதுகேள் அளவு எடுத்துக்கொள்ளாமல் சோதனை தொடங்க வேண்டாம். அவர்களை விலக்கவும் வேண்டாம், கடலில் வயர்லெஸ்ஸை எடுப்பவர்கள் அவர்கள்தானே.

எண்ணிக்கை: 16 செய்தி, 2 சொல்முறை, 4 அலைவரிசை நிலை. சொல்முறையும் நிலையும் சேர்ந்து 8 சேர்க்கை. எட்டுப் பட்டியல் செய்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு செய்தியையும் ஒரே முறை, ஒவ்வொரு சேர்க்கையையும் இருமுறை கேட்கும்படி சுழற்றுங்கள். ஒரே செய்தியை இரண்டாம் முறை கேட்டால் நினைவிலிருந்து சொல்லிவிடுவார்கள். பட்டியலுக்கு மூவர் என்றால் 24 பேர், 384 பதில். பாடப்புத்தகச் சூத்திரம் 384-க்குக் கூட்டல் கழித்தல் 5 விழுக்காடு என்று சொல்லும். அது பொய்க்கணக்கு. ஒருவர் தரும் 16 பதில்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. அந்தச் சார்பு 0.1 என்றால் பதில்களின் எண்ணிக்கையை வகுக்க வேண்டிய பெருக்கம் 1 + 15 × 0.1 = 2.5. கையில் இருப்பது 154 பதிலுக்குச் சமம், பிழை 8 விழுக்காட்டை ஒட்டி. இரு சொல்முறைகளையும் ஒரே ஆளிடம் ஒப்பிடுவதால் அந்த வேறுபாட்டை இதைவிடக் கூர்மையாகவே அறியலாம். ஆனாலும் ஆளையும் செய்தியையும் சேர்த்துக் கணக்கிடும் கலப்பு மாதிரியைத்தான் பயன்படுத்த வேண்டும். முடிந்தால் 48 பேர்.

எதை அளப்பது? கேட்டதை எழுதச் சொல்லாதீர்கள், அது எழுத்தறிவுச் சோதனையாகிவிடும். முன்னால் மூன்று பாத்திரம் வையுங்கள்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, வெந்நி. ஒரு துணிக்காலும் வையுங்கள். கை எந்தப் பாத்திரத்துக்குப் போகிறது, எத்தனை விநாடியில் போகிறது என்பதே அளவு. தவறுகளில் ‘செய்யாமல் விட்டது’ ஒரு வகை, ‘எதிரானதைச் செய்தது’ இன்னொரு வகை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் ஆய்வின் உயிரே போய்விடும்.

16-ஆம் சேனலில் சோதனை நடத்தவே கூடாது. உரிமம் இல்லாமல் எந்தக் கடல் அலைவரிசையிலும் ஒலிபரப்பக் கூடாது. ஆய்வகத்தில் செயற்கை அலைவரிசை போதும். நோயாளிகள் இல்லாவிட்டாலும் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களை வைத்து விண்ணப்பியுங்கள். குரல் ஆளைக் காட்டிக்கொடுக்கும் தரவு. சம்மதம் வாங்கும்போது பதிவைப் பின்னாளில் பேச்சறி மென்பொருளுக்குக் கொடுப்பீர்களா இல்லையா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். கேட்போர் கையில் உண்மையான அவசர எண்களைக் கொடுத்து அனுப்புங்கள்: கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. உங்கள் சோதனை வாக்கியம் அந்த எண்களுக்கு மாற்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வெளியிடும்போது பொறியியல், மொழி, இலக்கியம், மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளும் இதழ்களிலிருந்து மின்னஞ்சல் வரும். நான்கு துறை என்று தலைப்பிலேயே இருப்பதால் உங்களுக்குக் கூடுதலாகவே வரும். பல்கலைக்கழக மானியக் குழு தான் ஏற்கும் இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலை 2025-இல் நிறுத்திவிட்டதால் பட்டியலைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது, நீங்களேதான் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் சொந்தக் கல்லூரிப் பக்கத்தில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா, மதிப்புரை எத்தனை வாரம் எடுக்கிறது, பின்வாங்கிய கட்டுரைகளை வெளிப்படையாகக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். ஒரே தரவிலிருந்து ஒலியியல் கட்டுரை ஒன்றும் மருத்துவக் கட்டுரை ஒன்றும் எழுதலாம், ஒவ்வொன்றிலும் மற்றதைக் குறிப்பிட்டுவிட்டு. பெயர் வரிசையை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக நாட்காட்டி. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்போது ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலை பின்னும் இடத்திலேயே உட்கார்ந்து சோதிக்கலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை, அவர்களைக் கடல் கரடுமுரடான நாட்களில் பிடிக்க வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்தால்தான் ஏப்ரலுக்குள் அனுமதி கைக்கு வரும். என்ஜின் இரைச்சலை மட்டும் தடைக்கு முன்பே, மார்ச்சில், படகு ஓடும்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.